சவுரியும் கிளிப்பு முடியும்



பெண்களின் கூந்தலைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். தோட்ட அலுவலகத்திற்கும் பக்கத்து மளிகைக் கடைக்கும் வந்து குவிகின்ற பொட்டலங்களை ஒரு வாரம் கவனித்துப் பார்த்தால் அப்படி எண்ணமாட்டார்கள். துணிமணி, கைப்பேசி உறை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் இவற்றுக்கிடையே மெல்லியதாய், நீளமாய் ஒரு பொட்டலம் இருக்கும். அதற்குள் இருப்பது கிளிப்பு முடி. பட்டை பட்டையாகத் தைத்து, ஒவ்வொரு பட்டையின் மேலும் சின்னச் சின்ன கிளிப்புகள் பொருத்தியிருப்பார்கள். நம் சொந்த முடியை வகிர்ந்து, அடியில் மாட்டி, மேல்முடியை இழுத்து மூடிவிட்டால் கூந்தல் அடர்த்தியாகவும் நீளமாகவும் தெரியும். கல்யாணத்துக்கு ஒன்று, நடனப் போட்டிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று நம் வீட்டுப் பெண்கள் கைப்பேசியிலேயே பார்த்து வாங்குகிறார்கள்.

விளம்பரம் எப்படி இருக்கும்? '100 விழுக்காடு அசல் மனித முடி, 24 அங்குலம், விலை 39 வெள்ளி 90 காசு, அனுப்பும் செலவு இலவசம்.' இந்த ஒரு வரியில் எதை நம்பலாம், எதை நம்ப முடியாது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒட்டுமுடி நமக்குப் புதியதன்று. நம் பாட்டிமார்கள் தலை சீவும்போது உதிர்ந்த முடியை வீசமாட்டார்கள். விரலில் சுருட்டி, சுவர் இடுக்கிலோ தகர டப்பாவிலோ சேர்த்து வைப்பார்கள். போதிய அளவு சேர்ந்ததும் அதைச் சவுரியாகக் கட்டிக்கொள்வார்கள். தன் முடியே தனக்குச் சவுரி. நிறம் மாறாது, யாருடையது என்ற கேள்வியும் எழாது. சவுரியைக் கூந்தலோடு சேர்த்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டி, மேலே மல்லிகைச் சரம் சுற்றிவிட்டால் எது சொந்தம், எது இரவல் என்று சம்பந்தி வீட்டாராலும் சொல்ல முடியாது. பிற்காலத்தில் நைலான் சவுரி வந்தது. அதுவும் பின்னலுக்குள் மறைந்து, வந்த காரியத்தை முடித்துவிட்டுப் போனது.

கிளிப்பு முடியின் கதை வேறு. அது பின்னலுக்குள் ஒளிவதில்லை. விரித்துவிட்ட கூந்தலோடு கூந்தலாகத் தொங்குகிறது. வெளிச்சம் படும், காற்று அசைக்கும், பக்கத்தில் நிற்பவர் கை படும். ஆகவே அதன் தரம் வெளியே தெரிந்துவிடும். சவுரியில் பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்ட குறைகள் எல்லாம் இங்கே வெட்டவெளிச்சமாகும்.

சரி, அசல் முடிக்கு ஏன் விலை அதிகம்? இதற்கு வணிகப் படிப்புத் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டுக் கணக்கு போதும். மனிதனின் தலைமுடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், சற்று மேலே வளர்கிறது. ஆண்டுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24 அங்குலம் என்பது 61 சென்டிமீட்டர். அப்படியானால் அந்த விளம்பரத்தில் சொல்லப்படும் முடி, யாரோ ஒருத்தியின் தலையில் நான்கு முதல் ஐந்து ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். அதுவும் ஓர் இழை, ஈரிழை அல்ல. தலை முழுவதற்கும் போதுமான ஒரு செட்டுக்கு 100, 120 கிராமாவது வேண்டும்.

அந்த முடியில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் சமய வழக்கத்தோடு தொடர்புடைய இடங்களிலிருந்துதான். திருமலையில் கல்யாண கட்டா என்று அழைக்கப்படும் மண்டபத்தில் பக்தர்கள் முடி காணிக்கை செலுத்துகிறார்கள். அந்த முடியை நீளவாரியாகத் தரம் பிரித்து, தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. 2011ஆம் ஆண்டு முதல் அந்த ஏலம் இணையம் வழியாகவே நடக்கிறது. பழனி போன்ற திருத்தலங்களின் முடியும் ஏலத்திற்குப் போகிறது. ஏலம் எடுத்தவர்கள் முடியைக் கழுவி, சீவி, வேர்ப்பக்கம் ஒரு திசையாகவும் நுனிப்பக்கம் ஒரு திசையாகவும் அடுக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். பொய்முடித் தொழிலின் பெரிய நிலையம் சீனாவின் ஹெனான் மாநிலத்திலுள்ள சூச்சாங் நகரம். ஐந்தாண்டு வளர்ந்த முடி, அதன் ஏலத்தொகை, கழுவியவர், பிரித்தவர், தைத்தவர் கூலி, விமானக் கட்டணம், விற்பவரின் இலாபம், போதாக்குறைக்கு 2024 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. இத்தனையும் 39 வெள்ளி 90 காசுக்குள் அடங்குமா? நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விலை அதிகமாக இருந்தால் மட்டும், 'கோயில் முடி', 'ஒரே தலையின் முடி' என்று எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? முடியைப் பார்த்து அதன் ஊரைச் சொல்ல யாராலும் முடியாது. 2004ஆம் ஆண்டில் ஒரு விசித்திரம் நடந்தது. யூத சமயத்தின் கடுமையான மரபைப் பின்பற்றும் மணமான பெண்கள் பலர் தலையை மறைக்கப் பொய்முடி அணிவார்கள். இந்துக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்ததை அணியக்கூடாது என்று அவர்களுடைய சமயத் தலைவர்கள் அந்த ஆண்டில் தீர்ப்புச் சொன்னார்கள். தங்களிடம் இருப்பது எந்த நாட்டு முடி என்று கண்டுபிடிக்க முடியாமல், விலையுயர்ந்த பொய்முடிகளை ஜெருசலத்திலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, சீனாவின் சின்ஜியாங் பகுதியிலிருந்து வந்த 13 டன் முடிப் பொருள்களைக் கட்டாய உழைப்பில் செய்யப்பட்டவை என்ற சந்தேகத்தில் தடுத்து வைத்தது. நாற்பது வெள்ளிப் பொட்டலத்தின் மேல் இந்த விவரம் எதுவும் அச்சடித்திருக்காது.

அப்படியானால் அந்த மலிவுப் பொட்டலத்தில் வருவது என்ன? பெரும்பாலும் செயற்கை இழை. அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக். சில வேளைகளில் செயற்கை இழையோடு கொஞ்சம் மனித முடியைக் கலந்திருப்பார்கள். மூன்றாவது வகைதான் நம்மை அதிகமாக ஏமாற்றுவது. அது மனித முடிதான். ஆனால் சிக்கு முடி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாத்திரமோ ஊசி, பின்னோ கொடுத்துவிட்டு, வீடு வீடாகச் சிக்கு முடி வாங்கிப்போவார்கள். அப்படிச் சேர்ந்ததில் எந்த இழையின் வேர் எந்தப் பக்கம், நுனி எந்தப் பக்கம் என்று தெரியாது.

தெரியாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அத்தாப்புக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, மேலிருந்து கீழ்நோக்கிப் படிந்திருக்கும். மழைநீர் வழுக்கி ஓடிவிடும். ஆனால் கையைக் கீழிருந்து மேலே கொண்டுபோனால் ஓலை நுனி தடுக்கும். முடியின் மேற்பரப்பும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத செதில்கள் வேரிலிருந்து நுனிநோக்கிப் படிந்திருக்கின்றன. எல்லா இழைகளும் ஒரே திசையில் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். தலைமாறிக் கிடந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு சிக்கு விழும். இதற்குத் தொழிற்சாலைகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. முடியை அமிலத்தில் நனைத்துச் செதிலையே நீக்கிவிடுகிறார்கள். செதில் போனால் பளபளப்பும் போய்விடும். ஆகவே மேலே சிலிக்கோன் பூசுகிறார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் பட்டுப்போல் இருக்கும். நம் சொந்த முடியைவிட அழகாகவே இருக்கும்!

இரண்டு, மூன்று முறை கழுவியதும் சிலிக்கோன் கரைந்துபோகும். பிறகு அது தேங்காய் நார்தான்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பட்டுப்போன்ற முடியைக் கையில் வாங்கிய அன்றே நம் பெண்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'அழகாக இருக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்து இன்னும் பலர் வாங்குகிறார்கள். முடி நாராகிற நாளில் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிந்திருக்கும். பாராட்டு முதல் நாளில் எழுதப்படுகிறது. குறை மூன்றாவது கழுவலில் தெரிகிறது. இந்த இடைவெளியில்தான் மலிவு முடி வியாபாரம் நடக்கிறது. எனவே விமர்சனங்களைப் படிப்பதென்றால் குறைந்த நட்சத்திரம் போட்டவர்களையும், ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்து எழுதியவர்களையும் படியுங்கள்.

வீட்டிலேயே சோதிக்க முடியும். பட்டையின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு இழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் கலப்படம் தெரியாது. இடுக்கியால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே, நெருப்பைக் காட்டுங்கள். மனித முடி பொசுங்கி நாற்றமடிக்கும். விரலால் தேய்த்தால் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு, கடினமான மணியாக நிற்கும். பிளாஸ்டிக் வாடை வரும். ஆட்டு முடியும் இப்படியேதான் பொசுங்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். நெருப்பு சொல்வது பிளாஸ்டிக்கா இல்லையா என்பதை மட்டுமே. இதைப் பெரியவர்கள் செய்யுங்கள். பிள்ளைகளிடம் தீப்பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, சிலிக்கோனைக் கண்டுபிடிக்க: பத்துப் பன்னிரண்டு இழைகளை நூலால் கட்டி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த வெந்நீரில் மூன்று, நான்கு முறை அலசிக் காயவையுங்கள். பிறகு உள்ளங்கையில் வைத்து உருட்டுங்கள். நல்ல முடி உதறியதும் பிரிந்துவிடும். அமிலத்தில் குளித்த முடி பந்தாகிவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு பட்டையை அழுத்தித் துடைத்தால் சாயம் போகுமா, போகாதா என்பதும் தெரிந்துவிடும். இவ்வளவுக்கும் ஒரு மாலை நேரம் போதும். செட்டு கெடாது. செய்து முடிக்கும் வரை கைப்பேசியில் 'பொருளைப் பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். பெரிய இணையச் சந்தைகளில், அந்தப் பொத்தானை அழுத்தும் வரையோ குறித்த தவணை முடியும் வரையோ உங்கள் பணம் விற்பவர் கைக்குப் போகாமல் சந்தைக்காரரிடமே நிற்கும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. நீளத்தைவிட எடையைப் பாருங்கள். 24 அங்குலம் என்று போட்டு, எடையைச் சொல்லாமல் விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். 60, 70 கிராம் செட்டை மாட்டினால் மேலே அடர்த்தியாகவும் கீழே எலிவால் போலவும் இருக்கும். படத்திலுள்ள பெண் இரண்டு செட்டு மாட்டியிருக்கக்கூடும். பொட்டலம் வந்ததும் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துவிடுங்கள். நிறத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தத் தொழிலில் நிறங்களுக்கு எண் இருக்கிறது. எண் 1 என்பது மைக்கருப்பு. 1பி என்பது இயற்கையான கருப்பு. நம்மவர்களில் பலருக்கு, முடி கருப்பு என்று நாமே சொல்லிக்கொண்டாலும், வெயிலில் பார்த்தால் 1பிதான் ஒத்துப்போகும். சாயம் பூசிக்கொள்கிறவர்களின் கதை வேறு.

இனிப் பணத்தைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். டிங்கிக் காய்ச்சலில் படுத்துத் தேறியவளுக்கு, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மலிவாகக் கிளிப்பு முடி வாங்கி மாட்டினாள். நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. அதோடு கழற்றியிருந்தால் தொல்லையில்லை. பார்த்தவர்கள் பாராட்டியதால் வேலைக்கும் மாட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து களைப்பில் அப்படியே தூங்கினாள். சில மாதங்கள் கழித்து என்னைப் பார்க்க வந்தபோது முக்காடு போட்டிருந்தாள். "டீச்சர், மாட்டினால்தான் வெளியே போக முடியுது. மாட்டினா இன்னும் கொட்டுது" என்றாள். முக்காட்டை விலக்கிக் காட்டினாள். நெற்றியின் இரு ஓரங்களிலும், கிளிப்பு கடித்த இடங்களிலும் தோல் தெரிந்தது.

காய்ச்சலுக்குப் பிறகும் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதத்தில் முடி உதிர்வது பலருக்கும் நடப்பதுதான். பெரும்பாலும் அது சில மாதங்களில் தானாகவே நின்று, முடி மறுபடி வளரும். ஆனால் அந்த வேளையில் மெலிந்த முடியின் மேல் பாரத்தை மாட்டி நாள்தோறும் இழுத்தால், வேர் இழுபட்டுப் புதிய உதிர்வு தொடங்கிவிடுகிறது. அதைத் தொடக்கத்திலேயே நிறுத்தினால் முடி திரும்பும். ஆண்டுக்கணக்கில் விட்டால் அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடும். என் மாணவியை அரசாங்க மருந்தகத்திலிருந்து தோல் நிபுணரிடம் அனுப்பினார்கள். உச்சந்தலையில் முடி வளர்ந்துவிட்டது. நெற்றி ஓரங்களில் முழுமையாக வளரவில்லை.

மலிவு கிளிப்புகளில் இந்த ஆபத்து கூடுதல். பல் கூர்மையாக இருக்கும். பிடியில் ரப்பர் இருக்காது. நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் உள்ள மெல்லிய முடியில் கிளிப்பை மாட்டாதீர்கள். ஈரத்தலையில் மாட்டாதீர்கள். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். ஒரே இடத்தில் தினமும் மாட்டக்கூடாது. அக்காவும் தங்கையும் ஒரே செட்டை மாற்றி மாற்றி அணிந்தால் பேன் வீடு மாறும் என்பதைப் பள்ளி ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செயற்கை முடியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளை பள்ளி நிகழ்ச்சியில் ஒரு நடனம் ஆடுவதற்கு 300, 400 வெள்ளி கொடுத்து மனித முடி வாங்குவது வீண் செலவு. ஒருநாள் தேவைக்குச் செயற்கை முடி போதும். பின்னல் ஜடையாக இருந்தால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருவில் தொங்கும் நைலான் சவுரியே போதும்; ராக்கொடியும் குஞ்சலமும் பூவும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். செயற்கை முடியைச் செயற்கை முடி என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் அதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு நெருப்பு பகை. சாதாரணச் செயற்கை இழையில் சூட்டுக் கருவியை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். மேடையில் குத்துவிளக்கை வணங்கக் குனியும் பிள்ளையின் தலையில் இது இருந்தால், விளக்குக்கும் பிள்ளைக்கும் இடையே தூரம் வேண்டும். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிற ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? நாற்பது வெள்ளிதானே, தொலையட்டும் என்று நம் பெண்கள் விட்டுவிடுகிறார்கள். நாற்பது வெள்ளி ஒரு வீட்டின் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவாக இருக்கலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் வருணனைக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். 'மனித முடி' என்று எழுதிப் பிளாஸ்டிக்கை அனுப்பியவர், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பக்கத்திலேயே எழுதிவைத்தாலும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. முதலில் இணையச் சந்தையிடம் புகார் கொடுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் அங்கேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். சந்தைக்கு வெளியே, புலனத்தில் பேசி நேரடியாக வங்கிக் கணக்கில் போட்டால் மலிவாகத் தருகிறேன் என்று அழைப்பவரிடம் போகாதீர்கள். அங்கே உங்கள் பணத்தைப் பிடித்துவைக்க இடையில் யாருமில்லை. அப்படி அனுப்பிவிட்டு, மோசடி என்று தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

பொருள் வாசலுக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையைப் பாதுகாப்பானது என்று நம் தோட்டத்தில் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் பொட்டலத்தைப் பிரிக்குமுன் பணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். கொண்டுவந்த பையனுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை. அவனிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

விற்பவர் மலேசியாவில் இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மலாய் மொழியில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை. இருதரப்பும் தாமேதான் பேச வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் மன்றத்தின் உத்தரவு அவரை எட்டுவது கடினம்; அங்கே சந்தைக்காரர் பிடித்துவைத்திருக்கும் பணம்தான் உங்கள் பலம். மனுவோடு விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, பொட்டலத்தைப் பிரித்த படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். விளம்பரத்தை வாங்குகிற அன்றைக்கே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பார்த்தால் 'மனித முடி' என்பது 'மனித முடி போன்றது' என்று மாறியிருக்கும்.